பதில்: ஸ்பிரே அடித்தும் போகாத குட்டிக் கரப்பான்

வாரம் தவறாமல் ஸ்பிரே அடித்தும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலும் கபோர்டு கீல்களிலும் குட்டிக் கரப்பான் ஓடுகிறது என்கிறீர்கள். பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சாக்கடையிலிருந்து வரும் பெரிய ரகம் இல்லை. உங்கள் சமையலறையிலேயே பெருகுவது.

முதலில் ஸ்பிரேயை நிறுத்துங்கள். கண்ணில் பட்டதைத்தான் அது கொல்லும், மற்றவை இன்னும் உள்ளே போய் ஒளியும். தாய் சுமக்கும் ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 குஞ்சு!

ஃபிப்ரோனில் 0.05% அல்லது இமிடாக்ளோப்ரிட் 2.15% என்ற பூச்சிமருந்து கலந்த ஜெல் (கரப்பான் தின்று சாகும் விஷ இரை) வாங்குங்கள். ஸ்பிரே பட்ட இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, கீல் இடுக்கு, ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் ஓரம், சிங்க் குழாய் நுழையும் ஓட்டை, மேடையின் அடி விளிம்பு என 15–20 இடங்களில் மிளகளவு வையுங்கள். ஒரே இடத்தில் உருண்டையாக வைப்பது வீண். ஜெல் மேல் மறுபடி ஸ்பிரே பட்டால் கரப்பான் அதைத் தொடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரவில் சிங்கைத் துடைத்து உலர்த்துங்கள், குப்பையை வெளியே வையுங்கள். 2–3 வாரம் கழித்து, புதிதாகப் பொரித்தவற்றுக்கு இன்னொரு முறை. வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் எட்டாத இடுக்குகளில் மட்டும்.