மூலிகை ஜெல் என்றால் மருந்து இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் மூட்டுத் தேய்மானம். இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். பொருட்காட்சியில் ஒரு ஜெல் வாங்கினேன். "முழுக்க மூலிகை, மருந்தே கிடையாது, தோலின் ஏழு அடுக்கையும் தாண்டி எலும்புக்குப் போகும்" என்றார்கள். தடவலாமா? அட்டைப்பெட்டியின் படத்தை அனுப்பியிருக்கிறேன். (வாசகி, கரூர்)

பதில்: டாக்டரிடம் கேட்காமல் தடவாதீர்கள் அம்மா. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். முன்பக்கம் நொச்சியும் துளசியும் பச்சைப்பசேலென்று இருக்கின்றன. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது வேறு: கந்தபூர தைலம் 10 சதவீதம், புதினா சத்து 5, ஆளி விதை எண்ணெய் 3, மீதி ஜெல் பேஸ். நொச்சியும் துளசியும் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

கந்தபூர தைலம் என்பது ஊட்டிக் கடைகளில் விண்டர்கிரீன் தைலம் என்று விற்கிறார்களே, அதேதான். கிட்டத்தட்ட முழுவதுமே மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சொந்தம். இலையில் காய்ச்சி எடுத்தாலும் தொழிற்சாலையில் செய்தாலும் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான். வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைத் தொடர்ந்து தடவி, ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறி, ரத்தக்கசிவு வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே தடவியிருந்தால் டாக்டரிடம் சொல்லி ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. "மருந்தே கிடையாது" என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வயதானவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஏழு அடுக்கு விஷயத்துக்கு வருகிறேன். தோலின் மேற்புறத்தில் செத்த செல்கள் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, இடுக்கெல்லாம் கொழுப்பு. மொத்த கனமே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான், ஆனாலும் சுலபத்தில் எதையும் விடாது. மூலக்கூறு எடை 500 டால்டனுக்குள் (மூலக்கூறை எடைபோடும் அலகு) இருந்து, கொழுப்பிலும் ஓரளவு கரைந்தால்தான் வழி கிடைக்கும். மெத்தில் சாலிசிலேட் 152, மெந்தால் என்கிற புதினா சத்து 156. இரண்டும் உள்ளே போய்விடும். லட்சக்கணக்கில் எடையுள்ள கொலாஜன் என்ற புரதம் மேலேயே நின்றுவிடும். செடியா, ஆலையா என்று தோல் பார்ப்பதில்லை. ஜெல் பேஸ் கொத்தவரை விதைப் பிசினாக இருக்கலாம், மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸாக இருக்கலாம். மருந்தை வழியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஆளி விதை எண்ணெய், ஆல்கஹால் போன்றவை சேர்ந்தால் உள்ளே போகும் அளவு கூடும். புதினா சத்தின் சிலுசிலுப்பு, குளிரை உணரும் நரம்பை ஏய்ப்பது. அதனால் வலி மறக்கும், தேய்மானம் குறையாது.

மூட்டுத் தேய்மானத்துக்கு ஆய்வு பலம் உள்ள ஜெல் டைக்ளோஃபினாக். மாத்திரையாக விழுங்குவதோடு ஒப்பிட்டால் சுமார் 6 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதையும் டாக்டர் சொன்னால் மட்டுமே வாங்குங்கள். எந்த வலி ஜெல் தடவினாலும் மேலே வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். சூட்டில் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும், தோலும் வெந்துபோகும்.

கேள்வி: 99 சதவீதம் கற்றாழை என்று எழுதிய ஜெல்லில் ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். தண்ணீராகிவிட்டது. போலியா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. நானும் ஒரு தட்டில் போட்டுப் பார்த்தேன். கிளறக் கிளறக் கட்டி உடைந்து நீர்த்து ஓடியது. கார்போமர் என்ற செயற்கைப் பொருளால் கெட்டியாக்கிய ஜெல் உப்பு பட்டால் இப்படித்தான் இளகும். கற்றாழைச் சோறே 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், ஆகவே அந்த "99" பெரிய விஷயமில்லை. தோலை ஈரமாக வைக்க நல்லது, வாங்கலாம். "கற்றாழை வழியாக வைட்டமின் உள்ளே போகும்" என்று சொல்லி இரட்டை விலை கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டுக் கற்றாழையை வெட்டினால் வடியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டுத் தடவுங்கள். சிலருக்கு அது அரிக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வந்த மூலிகை ஜெல்லில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை. திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். (வாசகர், திருப்பூர்)

பதில்: முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாததைத் தோலில் வைக்காதீர்கள். பெட்டியைத் தூக்கிப் போடாமல் நான்கு பக்கமும் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் ஒரு கடிதம் போடுங்கள்.