மடிப்பாக்கம் வீடு: ஆபீஸ் மேலேயா, கீழேயா?

சென்னை மடிப்பாக்கத்துல அரை கிரவுண்டுல, அதாவது 1,200 சதுர அடி மனையில கட்டுறீங்க, கீழே ஆபீஸ், மாடியில அப்பா அம்மாவுக்குத் தனி போர்ஷன்னு எழுதியிருக்கீங்க. நான் மாத்திப் போடுவேன் சார்: அப்பா அம்மா கீழே, ஆபீஸ் மாடியில. எழுபது வயசுல படியேறுறது கஷ்டம். கீழ்த்தளத்தை மட்டும் ரோட்டைவிட மூணடி உயர்த்துங்க, வாசல்ல சாய்தளம் வைங்க. 2015 டிசம்பர்ல உங்க பக்கம் தண்ணி நின்னது ஞாபகம் இருக்கும். ரோடும் போடப்போட ஏறிக்கிட்டேதான் போகும்!

மாடி ஆபீஸை மேற்குச் சுவரோரம் வைக்காதீங்க. மே மாச வெயில்ல மூணு மணிக்கு மேல உட்கார முடியாது, ஏசியும் திணறும். மொட்டைமாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் போடுங்க. நாளைக்கு வாடகைக்கு விடுற எண்ணம் இருந்தா, வெளிப்படிக்கட்டும் சிங்க், டாய்லெட் லைனும் இப்பவே. அப்புறம் உடைச்சா செலவு ரெட்டிப்பு.