ஸ்டார்லிங் கூட்டத்துக்கு 'மர்மரேஷன்' என்ற பெயர் ஏன்?

வணக்கம். நீங்கள் மொழிபெயர்க்கும் பத்தியில் 'மர்மரேஷன் ஆஃப் ஸ்டார்லிங்ஸ்' என்று வருகிறது, அகராதியோ 'முணுமுணுப்பு' என்கிறது, பறவைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள்.

அகராதி சொல்வது சரிதான். முணுமுணுத்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. கூட்டம் எழுப்பும் ஓசையே பெயராகிவிட்டது. ஸ்டார்லிங் மைனா குடும்பத்துப் பறவை, அடையும் நேரத்தில் வாய் ஓயாது. 1486-இல் இங்கிலாந்தில் அச்சான 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்ற நூலில் உள்ள, விலங்கு, பறவைக் கூட்டங்களின் பெயர்ப் பட்டியலிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. காகக் கூட்டத்தை 'மர்டர்' (கொலை) என்பதும் இதுபோன்ற பழைய பெயர்தான்.

இன்று பொருள் நகர்ந்துவிட்டது. அந்தி வானில் ஆயிரக்கணக்கான பறவைகள் சேர்ந்து சுழன்று வளையும் அந்தப் பறத்தலையே இப்படிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பறவையும் தன் அருகிலுள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்துத் திரும்புகிறது என்று ரோமில் நடந்த ஆய்வொன்று 2008-இல் காட்டியது. ஓர் ஓரத்தில் தொடங்கும் திருப்பம் கூட்டம் முழுக்க அலையாய் ஓடும், அப்படியொரு அழகு!

உங்கள் பத்தியில் அவை வானில் சுழல்கின்றன என்றால் 'முணுமுணுப்பு' வேண்டாம். 'ஸ்டார்லிங் கூட்டம் சுழன்று பறந்தது' என்றே எழுதுங்கள். மரத்தில் அடைந்து கத்துகின்றன என்றால் 'இரைச்சல்' என்று சேர்க்கலாம்.