புது பிராசஸர், பழைய மென்பொருள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: விண்டோஸ் 95 காலத்துக் கணக்கு மென்பொருள் ஒன்றின் சிடி என்னிடம் இருக்கிறது. புது லேப்டாப்பில் போட்டால் 'இந்தக் கணினியில் இயங்காது' என்கிறது. பிராசஸர் மாறியதுதான் காரணமா?

பதில்: பாதிக் காரணம்தான் அது. இன்டெல்லின் 8086 பிராசஸர் வந்தது 1978-ல், 16 பிட் (அது ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அளவு). 1985-ல் 386 வந்து 32 பிட் ஆனது, 2003-ல் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆப்டெரான் சிப் 64 பிட்டுக்குக் கொண்டுபோனது, ஆனால் ஒவ்வொரு முறையும் பிராசஸருக்குப் புரியும் பழைய கட்டளைகளைத் தூக்கிப் போடாமல் அவற்றின் மேலேயே புதியதைச் சேர்த்தார்கள். இன்டெல் 2001-ல் இட்டானியம் என்று முற்றிலும் வேறு கட்டளைத் தொகுப்போடு ஒரு சிப் கொண்டுவந்தது. பழைய நிரல்கள் அதில் மிக மெதுவாக ஓடின, வாங்குகிறவர்கள் ஏஎம்டி பக்கம் போனார்கள், கடைசியில் இன்டெல்லே ஏஎம்டியின் வழிக்கு வந்தது. பழைய மென்பொருளை மதிக்காத சிப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எடுபடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

சரி, உங்கள் சிடிக்கு வருவோம். 386-ல், 8086 போலவே நடந்துகொள்ளும் தனி நிலை ஒன்று இருந்தது, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்க முறைமை) நிரல்கள் விண்டோஸுக்குள் ஓடியது அதை வைத்துத்தான். 64 பிட் நிலையில் பிராசஸர் ஓடும்போது அது கிடைக்காது. அதோடு, 64 பிட் விண்டோஸிலிருந்து 16 பிட் நிரல்களுக்கான வசதி முழுவதையும் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. 16 பிட் நிரல்களை ஓட்டியது 32 பிட் விண்டோஸ்தான், விண்டோஸ் 11-க்கு அந்த 32 பிட் பதிப்பே கிடையாது. ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காலத்தில் பல மென்பொருள்கள் 32 பிட்டாக இருந்தும், அவற்றை நிறுவும் செட்டப் நிரல் மட்டும் 16 பிட்டாக இருக்கும். அப்படியானால் பழைய கணினியில் நிறுவி, அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து பாருங்கள், சில சமயம் ஓடிவிடும். இல்லையென்றால் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் மென்பொருளில்) பழைய விண்டோஸைப் போடுவதுதான் வழி. சுத்தமான டாஸ் நிரல் என்றால் பழைய டாஸ் கணினிபோல் நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் போதும்.

கேள்வி: என் பழைய கணினியில் புதிதாக இறக்கிய வீடியோ எடிட்டர் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது என்றே நினைக்கிறேன். செலவு செய்வதற்கு முன் உங்கள் பிராசஸருக்கு ஏவிஎக்ஸ் கட்டளைகள் (வீடியோ போன்ற பெரிய கணக்குகளை வேகமாக்கும் கூடுதல் கட்டளைகள்) தெரியுமா என்று பாருங்கள். 2011-க்கு முந்தைய இன்டெல், ஏஎம்டி சிப்கள் எதிலும் அவை இல்லை, பிறகு வந்த சில மலிவான இன்டெல் சிப்களிலும் இல்லை. தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் பிராசஸர் அதைப் பிழை என்று விண்டோஸிடம் சொல்லும், விண்டோஸ் அந்த நிரலை மூடிவிடும். தொடங்கும்போதே சரிபார்த்து, 'உங்கள் பிராசஸரில் இது ஓடாது' என்று ஒரு வரி காட்டுவது நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை, கட்டாயம் செய்ய வேண்டியது. அந்த எடிட்டரின் பழைய பதிப்பு கிடைத்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆர்ம் பிராசஸர் உள்ள விண்டோஸ் லேப்டாப் வாங்கலாமா? என் மென்பொருள் எல்லாம் இன்டெல்லுக்கு எழுதியவை.

பதில்: பெரும்பாலானவை ஓடும். ஆர்மின் கட்டளைகள் இன்டெல்லின் கட்டளைகளிலிருந்து அடியோடு வேறு என்பதால், இன்டெல்லுக்கு எழுதிய நிரல்களை விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டுகிறது. ஆர்முக்கு வந்த விண்டோஸ் 10-ல் 32 பிட் நிரல்களுக்கு மட்டும்தான் இந்த வசதி, விண்டோஸ் 11-ல் 64 பிட்டுக்கும் உண்டு. ஆப்பிளும் 2020-ல் தன் ஆர்ம் வகை எம்1 சிப்போடு, ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் மூலம் இதையே செய்தது. வேகம் கொஞ்சம் குறையும், சாதாரண அலுவலக வேலையில் அது பெரிதாகத் தெரியாது. பிரிண்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்தான் சிக்கல். அது பெரும்பாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுவதால் மொழிபெயர்ப்பு அங்கே எடுபடாது, ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும். ஆகவே மென்பொருள் பட்டியலை விடுங்கள், உங்கள் பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள் (சில மென்பொருள்களைத் திறக்கச் செருகும் சாவி) ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.