சீனியாரிட்டி பட்டியலில் கடைசிப் பெயர்

அன்புள்ள அண்ணா,

லாரி ஓட்டுநர்களைப் பற்றிய உங்கள் கட்டுரைகளை நான்கைந்து வருடமாகப் படித்து வருகிறேன். ஒஹையோவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே பெரிய லாரி ஓட்டுவதற்கான சி.டி.எல். உரிமம் எடுத்தேன். மூன்று வாரம் முன்பு லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் யூனியன் உள்ள, பலருடைய சில்லறைச் சரக்கை ஒரே டிரெய்லரில் சேர்த்து ஏற்றும் ஒரு எல்.டி.எல். கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்திருக்கிறேன். எல்லாரும் வாழ்த்தினார்கள். ஆனால் எனக்கு மனது சரியில்லை.

என்னை எக்ஸ்ட்ரா போர்டில், அதாவது நிலையான ரூட் இல்லாமல் கூப்பிட்டால் வரும் ஆட்களின் பட்டியலில், போட்டிருக்கிறார்கள். இரவு ஒரு மணிக்கும் போன் வரும், வராமலும் போகும். சில நாள் வேலையே இல்லை. பல வருடம் சர்வீஸ் உள்ளவர்கள் காலையில் வந்து நல்ல ரூட் எடுத்துப் போகிறார்கள். போன வாரம் வேலை பிரித்துக் கொடுக்கும் டிஸ்பேட்சர், “லஞ்ச் எடுக்காமல் முடித்துவிட்டு வாயேன்” என்றார். செய்தேன், பாராட்டினார். மறுநாள் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நிதானமாகப் போ, எங்கள் எல்லாருக்கும் கெடுக்காதே” என்றார். வேலை செய்வது குற்றமா?

என் அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். ஒரே டிப்போவில் நாலு சங்கக் கொடி பறக்கும். அதைப் பார்த்து வளர்ந்ததால் யூனியன் என்றாலே எனக்கு ஒரு தயக்கம். பக்கத்தில் யூனியன் இல்லாத கம்பெனி ஒன்றில் ஏறக்குறைய இதே சம்பளம், நிலையான ஷிஃப்ட் தருகிறார்கள். மாறிவிடட்டுமா?

ச.

*

அன்புள்ள ச.,

மாறாதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. “மூன்று வாரம் முன்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் இன்னும் சோதனைக் காலத்தில் இருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

டீம்ஸ்டர்ஸின் சரக்கு ஒப்பந்தங்களில் புதிய ஆளுக்குப் பொதுவாக 30 நாள் சோதனைக் காலம் உண்டு. அந்த நாட்களில் கம்பெனி உங்களை அனுப்பிவிட்டால் முறையீட்டுக்கு வழி கிடையாது. நீங்கள் யூனியன்காரர் என்பதற்காகவோ ஒப்பந்தத்தை ஏய்ப்பதற்காகவோ அனுப்பக் கூடாது என்ற ஒரு வரம்பு மட்டும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள், காலண்டர் நாளா வேலை நாளா என்பதை இன்றைக்கே ஸ்டூவர்டிடம், அதாவது வேலையிடத்தில் இருக்கும் யூனியன் பிரதிநிதியிடம், கேளுங்கள். அந்த நாட்களில் ஒரு புது டிரைவரை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் சோம்பல் அல்ல, ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கும் சின்ன இடி. கடைச் சந்தில் ஒரு கம்பம், சரக்கு ஏற்றி இறக்கும் டாக்கில் பக்கத்து லாரியின் கண்ணாடி, அவ்வளவுதான். இறங்கிப் பாருங்கள். மறுபடி ஏறி, சந்தேகம் வந்தால் மறுபடி இறங்குங்கள். பின்னால் நிற்கும் கார்க்காரன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். வேகமாக முடித்தவன் என்று பெயர் வாங்குவதால் சோதனைக் காலம் தாண்டாது, எதையும் இடிக்காமல் இருந்தால் தாண்டும்.

இப்போது சீனியாரிட்டி. உங்கள் கோபம் முழுவதும் அதன்மேல்தான் இருக்கிறது.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதிதான் அந்த டெர்மினலில், அதாவது கம்பெனியின் சரக்கு நிலையத்தில், உங்கள் சொத்து. ரூட், ஷிஃப்ட், விடுமுறை, ஆள் குறைப்பு எல்லாமே அந்தத் தேதியின் வரிசையில் நடக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிட் பட்டியல், அதாவது தேர்ந்தெடுக்கக்கூடிய ரூட்களின் பட்டியல், ஒட்டுவார்கள், மூத்தவர் முதலில் எடுப்பார், மிச்சம் கடைசி ஆளுக்கு வரும். அந்தக் கடைசி ஆள் இன்றைக்கு நீங்கள். இது மேனேஜருக்கு உங்களைப் பிடிக்காததால் வந்ததல்ல, பிடித்திருந்தாலும் மாறாது. அவருடைய ஜாதிக்காரர், அவரோடு சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்கு மீன்பிடிக்கத் துணை போகிறவர் என்று யாரும் உங்களைத் தாண்டிப் போக முடியாது. நம்மைப் போல வேறு நிறமும் வேறு உச்சரிப்புமாக இங்கே வந்து வேலை செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஒன்றை நான் பார்த்ததில்லை. மேலே இருக்கும் ஒருவர் ஓய்வு பெறும்போது உங்களுக்குக் கீழே ஒருவர் சேர்கிறார், நீங்கள் ஒரு படி ஏறுகிறீர்கள். அதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

யூனியன் இல்லாத நல்ல கம்பெனிகளும் உண்டு. ஓல்ட் டொமினியன், சாயா, எஸ்டெஸ் எல்லாம் நன்றாக நடக்கும் கம்பெனிகள், சம்பளமும் மோசமில்லை என்பதை மறைக்க மாட்டேன். யூனியன் இல்லாத இடத்திலும் சீனியாரிட்டிப்படி ரூட் தருவது வழக்கமாக இருக்கலாம். ஆனால் அது கம்பெனியின் விதி. விதியை எழுதியவரே மாற்றலாம். உங்கள் ஒப்பந்தத்தை மாற்ற கம்பெனி, யூனியன் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

அந்தப் பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் அதைச் சோம்பேறியின் அறிவுரையாக எடுத்துக்கொண்டீர்கள். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். லஞ்ச் எடுத்ததாகப் பதிவு செய்துவிட்டு அந்த நேரத்தில் டெலிவரி செய்தால், முதலில் அது சம்பளமில்லாத வேலை. இரண்டாவது, வேலை செய்துகொண்டே இடைவேளை என்று பதிவது பொய்ப் பதிவு. பிடிபட்டால் டிஸ்பேட்சர் வர மாட்டார், உங்கள் உரிமம்தான் சிக்கும். மூன்றாவதுதான் பெரியவரின் கவலை. நீங்கள் எட்டரை மணி நேரத்தில் முடித்த ரூட்டை அடுத்த வாரம் எட்டரை மணி நேர ரூட் என்றே எழுதுவார்கள். முட்டி தேய்ந்த 60 வயதுக்காரர் அதே ரூட்டை ஒழுங்காக லஞ்ச் எடுத்து ஒன்பது மணி நேரத்தில் முடித்தால், “புதுப் பையன் முடிக்கிறானே” என்பார்கள்.

இன்னொன்று, பல புது டிரைவர்களுக்குத் தெரியாதது. அமெரிக்காவின் ஓவர்டைம் சட்டம் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு தரச் சொல்கிறது. ஆனால் மாநில எல்லை கடக்கும் சரக்கை ஓட்டும் பெரிய லாரி டிரைவர்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. உங்கள் ஓவர்டைம் வாஷிங்டன் தந்ததல்ல, உங்கள் ஒப்பந்தம் தந்தது. யாரோ பேரம் பேசி, சில சமயம் வேலைநிறுத்தம் செய்து வாங்கியது. அதை லஞ்ச் நேரத்தில் இலவசமாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்தப் பெரியவரிடம் போய் நன்றி சொல்லுங்கள். ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது, அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

நிதானம் என்றால் இழுத்தடிப்பது என்று அர்த்தமில்லை. வண்டியைச் சுற்றி வந்து முழுசாகச் சோதனை போடுவது, பிரேக்கில் கோளாறு இருந்தால் எழுதிக் கொடுப்பது, பேலட்டில் அட்டை கிழிந்திருந்தால் ரசீதில் குறிப்பது, இதெல்லாம் வேலையின் பகுதி. பாதுகாப்பில்லாத வண்டியை ஓட்ட மறுத்தால் பழிவாங்கக் கூடாது என்று 1983-லிருந்தே மத்தியச் சட்டம் இருக்கிறது. யூனியன் இல்லாதவர்களுக்கும் அது பொருந்தும்.

எக்ஸ்ட்ரா போர்டில் நாட்களைக் கடத்த சில விஷயம் சொல்கிறேன். டபுள்ஸ் (இரட்டை டிரெய்லர்), ஹஸ்மத் (அபாயகரமான சரக்கு), டாங்கர் (திரவச் சரக்கு) மூன்றுக்கும் உரிமத்தில் ஒப்புதல் இல்லை என்றால் உடனே வாங்குங்கள். ஹஸ்மத்துக்குக் கைரேகையும் பின்னணிச் சோதனையும் உண்டு, நாள் பிடிக்கும். எல்.டி.எல்.லில் ஒரே டிரெய்லரில் இருபது கடைச் சரக்கு இருக்கும். அதில் அபாய எச்சரிக்கைப் பலகை மாட்ட வேண்டிய அளவுக்கு ஆசிட் டிரம் இருந்துவிட்டால், ஒப்புதல் இல்லாத டிரைவர் அந்த வண்டியைத் தொட முடியாது. வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். போன் எத்தனை மணிக்குள் வர வேண்டும், எடுக்காவிட்டால் என்ன, வேலையே வராத வாரத்துக்கு உத்தரவாதம் ஏதும் உண்டா, இதெல்லாம் ஒப்பந்தப் புத்தகத்தில் இருக்கும். படித்து வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் முக்கியம். தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகுதான் ஓட்ட வேண்டும், அதற்குப் பின் 14 மணி நேர வட்டத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். பகல் முழுக்கக் கடைக்கும் பிள்ளைக்கும் அலைந்துவிட்டு இரவு ஒரு மணிக்குக் கிளம்பினால், சட்டப்படி சரியாகத் தெரியும், உடம்பு ஒத்துக்கொள்ளாது. வீட்டில் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள், பகலில் தூங்குவதும் உங்கள் வேலைதான் என்று.

இரவு அழைப்பு என்றால் பெரும்பாலும் லைன்ஹால்தான், அதாவது ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு கொண்டுபோவது. அதற்குப் பெரும்பாலும் 28 அடி டிரெய்லர் இரண்டைக் கோத்து ஓட்டும் செட். இதில் அவசரப்படவே கூடாது. கனமான டிரெய்லர் முன்னால், லேசானது பின்னால். கேட்டில் வேறு மாதிரி வைத்திருந்தால் நேரமானாலும் மாற்றிக் கோத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பினால் நீங்கள் உணர்வதைவிடப் பல மடங்காகக் கடைசி டிரெய்லர் வீசும், சாட்டையின் நுனி மாதிரி. இரண்டு டிரெய்லரையும் இணைக்கும் டாலியின் கொக்கி பூட்டியிருக்கிறதா, சங்கிலி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். முன் டிரெய்லரின் பின்பக்க ஏர் வால்வு திறந்திருக்க வேண்டும், கடைசி டிரெய்லரின் வால்வு மூடியிருக்க வேண்டும். மூடுமுன் கடைசி வால்வைத் திறந்து காற்று சீறுகிறதா என்று கேளுங்கள். சீறவில்லை என்றால் பின் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. பனிக்காலத்தில் விரல் மரத்துப்போன நேரத்தில் இதைத் தவிர்க்கத் தோன்றும். தவிர்க்காதீர்கள் தம்பி. அப்புறம், செட்டை ரிவர்ஸ் எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டே போங்கள். வெளியே வரும் வழி தெரியாத எந்த இடத்திலும் நுழையாதீர்கள்.

அப்பாவின் டிப்போவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே ஒரே இடத்தில் பல சங்கம், கட்சிக்கு ஒன்று. இங்கே 1935-ன் தொழிலாளர் உறவுச் சட்டப்படி பெரும்பான்மை தேர்ந்தெடுத்த ஒரே சங்கம்தான் அந்தப் பிரிவின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பேசும். அந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. அதற்கு முந்தைய வருடம் மினியாபொலிஸில் லாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜூலை 20 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். 1964-ல் டீம்ஸ்டர்ஸ் தலைவர் ஜிம்மி ஹோஃபா நாடு முழுவதற்குமான முதல் சரக்கு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார், நான்கு லட்சம் பேருக்கு மேல் அதற்குள் வந்தார்கள். ஹோஃபாவின் குற்ற வழக்குகளும் உண்மை, அந்த ஒப்பந்தமும் உண்மை. 1980-ல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கார்ட்டர் கையெழுத்திட்டார். புதுக் கம்பெனிகள் குறைந்த சம்பளத்தோடு நுழைந்தன, யூனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. கன்சாலிடேட்டட் ஃபிரைட்வேஸ் 2002-ல் மூடியது. 2023 ஜூலை 30 அன்று யெல்லோ கம்பெனி நின்றது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள், அதில் 22,000 பேர் டீம்ஸ்டர்கள். கம்பெனி யூனியனைக் குற்றம் சொன்னது, யூனியன் நிர்வாகத்தைக் குற்றம் சொன்னது.

இதை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். சீனியாரிட்டி அந்தக் கம்பெனிக்குள் மட்டும்தான் செல்லும். யெல்லோவில் 25 வருடம் இருந்தவர் அடுத்த கம்பெனியில் கடைசிப் பெயர். உங்கள் பட்டியலில் உங்களுக்கு இரண்டு பெயர் மேலே, நரைத்த தலையோடு யாராவது இரவு போனுக்குக் காத்திருக்கிறாரா என்று பாருங்கள். அநேகமாக அங்கிருந்து வந்தவராக இருப்பார். ஆகவே தேதியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், கூடவே கம்பெனியின் நிலவரத்தையும் கவனியுங்கள். சரக்கு குறைகிறதா, புது வண்டி வாங்குகிறார்களா, பென்ஷன் பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று கண் வைத்திருங்கள்.

பென்ஷன் உங்கள் வயதில் தூரமாகத் தெரியும். உங்கள் பகுதியில் பலருக்குச் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் பென்ஷன் நிதிதான். அது திவாலாகும் நிலையில் இருந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு சுமார் 36 பில்லியன் டாலர் கொடுத்து, மூன்றரை லட்சம் பேரின் பென்ஷன் பாதிக்கு மேல் வெட்டுப்படாமல் காப்பாற்றியது. ஓய்வுபெற்ற டிரைவர்களும் அவர்கள் மனைவிமாரும் வருடக்கணக்கில் வாஷிங்டனுக்குப் போய்ப் போய்ப் பேசித்தான் அது நடந்தது. உங்களுக்கு எந்த நிதி, எத்தனை வருடத்தில் உரிமை உறுதியாகும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தா பெரும்பாலான டீம்ஸ்டர்ஸ் லோக்கல்களில், அதாவது உள்ளூர்க் கிளைகளில், மாதம் இரண்டரை மணி நேரச் சம்பளம். அந்தப் பணத்துக்கு உங்களுக்கு ஓர் ஓட்டும் உண்டு. லோக்கலின் மாதக் கூட்டத்துக்குப் போங்கள், புரியாவிட்டாலும் உட்கார்ந்து கேளுங்கள். சும்மா சந்தா கட்டிவிட்டு யூனியன் ஒன்றும் செய்யவில்லை என்று டாக்கில் புலம்புகிறவர்களோடு சேராதீர்கள். ஆபீசுக்குள் கூப்பிட்டு விசாரணை மாதிரி கேள்வி கேட்டால், “எனக்கு ஸ்டூவர்ட் வேண்டும்” என்று சொல்லுங்கள். 1975-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை அது. கேட்டால்தான் கிடைக்கும், அவர்களாக ஞாபகப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த இன்னொரு கம்பெனிக்கு இப்போதே போனால் அங்கேயும் நீங்கள் கடைசி ஆள்தான், நிலையான ஷிஃப்ட் எத்தனை நாள் நிலைக்கும் என்று எழுதித் தர மாட்டார்கள். குறைந்தது இரண்டு குளிர்காலமாவது இங்கே தாண்டுங்கள். அதற்குள் டபுள்ஸ் கை வந்திருக்கும், பட்டியலில் சில பெயர் உங்களுக்குக் கீழே வந்திருக்கும், விபத்தில்லாத பதிவும் இருக்கும். அப்போதும் போகத் தோன்றினால் போகலாம், எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளும்.

சோதனைக் காலம் முடிந்ததும் எழுதுங்கள். முதல் பிட்டில் என்ன ரூட் கிடைத்தது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்.