பகலுக்குப் பழுப்பு, ராத்திரிக்குக் கறுப்பு

கேள்வி: அடுத்த மாதம் அக்காவுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் ரிசப்ஷன். கண்ணைச் சுற்றிப் புகை படர்ந்த மாதிரி நிறத்தைக் கலைத்துவிடுவார்களே, அந்த ஸ்மோக்கி ஐ போட ஆசை. வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் மை கீழே இறங்கிவிடுகிறது. ஆச்சி பார்த்துவிட்டு, "ஏட்டி, ராத்திரி தூங்கலையா?" என்கிறார். நான் மாநிறம், காண்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். ஆபீசுக்கும் லேசாகப் போடலாமா?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: ஆச்சி கேட்டதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுப்பு சேர்ந்தால் யாருக்குமே தூக்கம் கெட்ட முகம்தான். கனமெல்லாம் மேல் இமையில் இருக்கட்டும். கீழ் இமையின் உள்விளிம்பில் மையே வேண்டாம். கண்ணீர் காயாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. மை அடைத்தால் கண் உறுத்தும், லென்ஸிலும் படியும். லென்ஸை மாட்டிய பிறகே மேக்கப்பைத் தொடங்குங்கள்.

மை இறங்குவதற்குக் காரணம் வியர்வையும் இமையில் ஊறும் எண்ணெயும். நம்ம ஊர் வெயிலில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. இமையில் ஐ பிரைமரை (நிறம் ஒட்டி நிற்க முதலில் தடவும் கிரீம்) மெல்லிசாகத் தடவி, பவுடர் ஒற்றுங்கள். முதலில் கறுப்பை எடுக்காதீர்கள். உங்கள் நிறத்தைவிடக் கொஞ்சம் அடர்ந்த, பளபளப்பில்லாத (மேட்) பழுப்பு ஐ ஷேடோவை இமை மடிப்பில் வைத்து, பிரஷை இப்படியும் அப்படியும் ஓட்டுங்கள். பிறகு இமைமுடியை ஒட்டி வாட்டர்ப்ரூஃப் காஜல் பென்சிலால் ஒரு கோடு. அது சீக்கிரம் இறுகிவிடும், அதனால் உடனே மேல்நோக்கிக் கலையுங்கள். அதன்மேல் அதே நிற ஐ ஷேடோவை ஒற்றினால் மை நகராது. கறுப்பு எங்கே முடிந்து பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியக்கூடாது. கோடு தெரிந்தால், நிறம் ஒட்டாத சுத்தமான பிரஷால் ஓரத்தை மட்டும் தேயுங்கள். மேலும் மேலும் நிறம் ஏற்றித்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். கீழ் இமைக்கு, வெளிக்கோடியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பழுப்பு ஷேடோ போதும். தூள் கன்னத்தில் உதிரும் என்பதால் கண்ணை முடித்துவிட்டு ஃபவுண்டேஷன் போடுங்கள்.

முகூர்த்தத்துக்குப் பழுப்போடு நிறுத்திக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் கறுப்பு தூக்கலாகத் தெரியும். ஓமப்புகையில் கண் கலங்கும், தாலி கட்டும்போது அழுகையும் வரும்! மஸ்காராவும் வாட்டர்ப்ரூஃப் ஆகவே இருக்கட்டும்.

ரிசப்ஷனுக்கு ஆசை தீரப் போடுங்கள். வீடியோ லைட் நிறத்தைத் தின்றுவிடும்; கண்ணாடியில் கொஞ்சம் அதிகமாகத் தெரிவது போட்டோவில் அளவாக இருக்கும். மாநிறத்துக்கு வெள்ளிச் சாம்பல் நிறம் பல நேரம் வெளிறித் தெரியும். அரக்குப் பட்டுக்கு வெண்கல நிறம், பச்சைக்குச் செம்பு, நீலத்துக்குக் கத்தரிப்பூ நிறம் என்று போய்ப் பாருங்கள். இமை நடுவில் பளபளப்பை விரலால் ஒற்றலாம். ஆனால் உதிரும் கிளிட்டர் லென்ஸ்காரர்களுக்கு ஆகாது. உதட்டை அடக்கமாக விடுங்கள்.

ஆபீசுக்கு ஒரு பழுப்புப் பென்சில், மேல் இமையில் ஒரு கோடு, விரலால் ஒரு தேய்ப்பு. இரண்டு நிமிஷ வேலை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு ரத வீதியில் நிற்கப்போகிறீர்களா? அன்றைக்கு அதுவும் வேண்டாம், மஸ்காரா மட்டும் போதும்.

விளக்கெண்ணெய் சேர்த்த வீட்டு மையை ஆச்சி எடுத்து நீட்டினால், இதற்கு அது சரிப்படாது. சூட்டில் இளகி ஓடிவிடும். லேபிள் இல்லாத கடை மையையும் சுர்மாவையும் தொடவே வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கும்.

ரிசப்ஷன் முடிந்து எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் மேக்கப்போடு படுக்காதீர்கள். கையைக் கழுவி லென்ஸை எடுத்துவிட்டு, பஞ்சில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, மூடிய இமைமேல் சற்று நேரம் வைத்திருந்து துடையுங்கள். வாட்டர்ப்ரூஃப் மை தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குக் கரைந்துவிடும். அப்புறம் முகம் கழுவிவிட்டுத் தூங்குங்கள்.