அப்பா அம்மாவோடு குளிர்காலத்தில் வியன்னா: வலங்கைமான் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். பாபநாசம் பக்கம் ஐப்பசி அடைமழை விட்டபாடில்லை. குடமுருட்டியில் கலங்கல் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அம்மாவை ஐப்பசி கடைசி நாள் கடைமுக முழுக்குக்கு மாயவரம் அழைத்துப் போகவென்று வந்தேன். டிசம்பர் முதல் வாரம் வியன்னா திரும்பிவிடுவேன்.

நீங்கள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்து நான்கு மாதம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் விசா வாங்கிவிட்டார்கள், டிசம்பர் 18 அன்று வந்து இறங்குகிறார்கள். 23 முதல் 27 வரை ஐந்து நாளில் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றையும் அவர்களுக்குக் காட்டிவிட முடியுமா, என்ன உடுப்பு வாங்குவது, சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று ஊர் வேண்டாம், தம்பி. வியன்னா ஒரே ஊர் போதும். தேதியையும் மாற்றுங்கள்.

டிசம்பர் கடைசியில் வியன்னாவில் காலை ஏழே முக்காலுக்குத்தான் விடியும். மாலை நான்கு மணிக்குப் பொழுது அடைந்துவிடும். எட்டரை மணி நேரம்கூடப் பகல் கிடையாது, அதிலும் பாதி நாள் மேகமூட்டம். நம் ஊரில் மார்கழியிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. அந்தக் கணக்கிலேயே வாழ்ந்த உடம்பு அவர்களுடையது. காலையில் குளித்துச் சாப்பிட்டு, மூன்று பேரும் கோட்டு, காலுறை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும்போது மணி பத்தாகிவிடும். மிச்சம் ஆறு மணி நேரம். பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேர ரயில், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இரண்டு பகல் முழுக்க ரயில் பெட்டியிலேயே தீர்ந்துபோகும்.

தேதி விஷயத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அப்பா அம்மா முதல் தடவை வந்தது 2012 டிசம்பரில். 24ஆம் தேதி மாலை அவர்களை சால்ஸ்பர்க் அழைத்துப் போய் ஒரு வாடகை வீட்டில் இறக்கினேன். ஆஸ்திரியாவில் அன்றைக்குக் கடைகளெல்லாம் மதியம் 2 மணியோடு மூடிவிடும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. நான் அங்கேயே ஆறு வருஷம் இருந்தவன், எனக்கு இது தெரியும். ஆனாலும் ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். அம்மா கொண்டுவந்த புளிக்காய்ச்சல் இருந்தது, பிசைய அரிசி இல்லை. ரொட்டியில் தடவிச் சாப்பிட்டோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் 27 காலை ஸ்டுட்கார்ட்டில் கிளம்பி 30 இரவு திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் மூன்று நாளும் உங்கள் வீட்டிலேயே, 23க்குள் வாங்கி வைத்த காய்கறியோடு இருங்கள். வந்து இறங்கி ஒரு வாரம் உங்கள் தெருவில் நடந்து பழகினால் குளிரும் அவர்களுக்குக் கொஞ்சம் பிடிபடும். வியன்னா நகராட்சி மாளிகை முன்னால் இருக்கிற பெரிய கிறிஸ்துமஸ் சந்தை 26ஆம் தேதியோடு முடிந்துவிடும், அது ஒன்றுதான் குறை. ஷான்ப்ரூன் அரண்மனை வாசலில் நடக்கிற சந்தை புத்தாண்டு வரைக்கும் தொடரும். எனக்கு எப்போதும் இதுதான் பிடிக்கும். இடம் விசாலம், பின்னால் அரண்மனை விளக்கொளியில் நிற்கும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் மளிகைக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

ரயில் சீட்டை இன்றைக்கே பாருங்கள். டிசம்பர் நடுவில் ஐரோப்பா முழுக்க ரயில் அட்டவணை மாறும். அந்தத் தேதிக்குப் பிறகான சீட்டுகள் இப்போது விற்பனையில் இருக்கும், குறைந்த விலைச் சீட்டுகள் முதலில் காலியாகும். மியூனிக்கில் மாறி வியன்னா வர மொத்தம் ஏறக்குறைய ஏழு மணி நேரம். சீட்டு வாங்கினாலே உட்கார இடம் உறுதி என்று நினைக்காதீர்கள். இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், அந்த வாரத்தில் வண்டி நிரம்பி வழியும். மியூனிக்கிலிருந்து வரும்போது வலது பக்க ஜன்னல் கேளுங்கள். சால்ஸ்பர்க் வரைக்கும் ஆல்ப்ஸ் மலை அந்தப் பக்கம்தான் தெரியும். பனி பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுவார்கள். வியன்னா நகரத்துக்குள் டிசம்பரில் பனி விழுவது நிச்சயமில்லை என்பதால், ரயிலில் தெரிகிற மலைப் பனியைத் தவறவிடக் கூடாது. மூன்று பேரும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், நீங்கள் குடியிருப்பு அட்டையும் சேர்த்து. திரும்பும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பது வழக்கம்.

உடுப்பைப் பற்றி என் அம்மாவிடமே கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "காலு சூடா இருந்தா ஒடம்பு பூரா சூடா இருக்கும்டா, அந்தப் புள்ளைகிட்ட அத மொதல்ல சொல்லு" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஊரிலிருந்து ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மூட்டை கட்டி வருவார்கள், காலுக்குச் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். தடித்த அடி உள்ள, தண்ணீர் புகாத பூட்ஸ் இரண்டு ஜோடி ஸ்டுட்கார்ட்டிலேயே வாங்குங்கள், அவர்களைக் கடைக்கு அழைத்துப் போய்ப் போட்டுப் பார்த்து. கம்பளிக் காலுறைக்கு இடம் வேண்டும். அம்மா மெட்டி போட்டிருப்பார்கள், இறுக்கமான பூட்ஸுக்குள் அது விரலை அறுத்துவிடும். ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள்.

பருத்தி பனியன் உள்ளே வேண்டாம். நடக்கும்போது வேர்த்தால் பருத்தி ஈரத்தை வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் ஜில்லிட்டுப் போகும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்றுப் புகாத கோட்டு. புடவைதான் கட்டுவேன் என்று அம்மா சொன்னால் கட்டட்டும், என் அம்மாவும் அப்படித்தான். பாவாடைக்குள் கம்பளி லெக்கிங்ஸ் போடச் சொல்லுங்கள், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தெருவில் சேறும், பனி உருகத் தூவிய உப்பும் கலந்து கிடக்கும், கரை முழுக்க ஊறிவிடும். வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் உள்ளே 22 டிகிரி இருக்கும். எங்கே நுழைந்தாலும் கோட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் வேர்த்துத் திரும்ப வெளியே போகும்போது அந்த ஈரம் ஜில்லிடும்.

வீட்டுக்குள் ஹீட்டர் காற்று வறட்டும். குதிகால் வெடிக்கும், மூக்கு காயும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு வைக்கச் சொல்லுங்கள். விசாவுக்கு எடுத்த 30,000 யூரோ காப்பீடு பழைய வியாதிகளுக்குப் பொருந்துமா என்பதையும் இப்போதே படித்துப் பாருங்கள்.

நடப்பதைப் பற்றி ஒன்று. சால்ஸ்பர்க்கில் இரண்டாம் நாள் அப்பா உறைந்த நடைபாதையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மறுநாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நடவு முடிந்த வயலில் ஈர வரப்பில் நடப்போமே, சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுக்க ஊன்றி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையைப் பைக்குள் விடாமல், அப்படி நடந்தார். அதற்குப் பிறகு வழுக்கவே இல்லை. உங்கள் அப்பாவிடம் "வரப்பு நடை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சாப்பாடு. சமையலறை உள்ள வீடாக எடுங்கள், லிப்ட் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். ஊரிலிருந்து ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம் எல்லாம் வரலாம். பால், இறைச்சி சேர்ந்த எதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. நெய், திரட்டுப்பால் எதுவும் பெட்டியில் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் பறித்துப் போட்டால் அம்மா மனசு கஷ்டப்படும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அரிசி, பருப்பு, நம் காய்கள் வியன்னாவில் நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கம் கிடைக்கும்.

வெளியே என்றால், சுட்ட செஸ்ட்நட் வண்டி தெருவுக்குத் தெரு நிற்கும். பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டாலே சூடு, ருசி கொஞ்சம் வள்ளிக்கிழங்கு மாதிரி. லாங்கோஷ் என்று பெரிய பூரியில் பூண்டு தடவித் தருவார்கள், அப்பாவுக்குப் பிடிக்கும். சூப் மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள், உருளைக்கிழங்கு சூப்பில்கூட இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள். சந்தையில் க்ளூவைன் என்றால் மது. பிள்ளைகளுக்கான பஞ்ச் என்று கேட்டு வாங்குங்கள், அதில் மது இருக்காது. கோப்பைக்கும் சேர்த்துப் பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பி வரும். காபிக் கடையில் மெலாஞ்ஜ் கேளுங்கள், நுரை பொங்கும் பால் காபி. கும்பகோணம் டிகிரி காபி குடித்த நாக்குக்கு அது இளசுதான், ஆனால் கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். மாலை நாலரை மணி இருட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அந்தத் தண்ணீரைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள். வியன்னா குழாய்த் தண்ணீர் ராக்ஸ், ஷ்நீபெர்க் மலைச் சுனைகளிலிருந்து 1873 முதல் வருகிறது, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடி. "பம்புசெட்டே இல்லாமயா?" என்று என் அப்பா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். மீதி நாள் முழுக்க அந்தத் தண்ணீரையே குடித்தார்.

பார்க்கிற இடங்கள் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதல் நாள் ஷான்ப்ரூன். அரண்மனை அறைகள் ஒரு மணி நேரத்தில் போதும் என்றாகிவிடும். பக்கத்திலேயே 1882இல் கட்டிய பனைமரக் கண்ணாடி மாளிகை இருக்கிறது, அங்கே நேரம் ஒதுக்குங்கள். வெப்ப மண்டலப் பகுதிக்குள் நுழைந்ததும் கண்ணாடி ஆவி பிடித்து, ஈர மண் வாசனை வரும். என் அம்மா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "நம்ம கொல்லைக்கு வந்தாப்ல இருக்கு" என்றாள். இன்றைக்குக் காலையில் கேட்டபோதும் வியன்னாவில் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். 1752இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது, வருஷம் முழுக்கத் திறந்திருக்கும்.

இரண்டாம் நாள் கலை வரலாற்று அருங்காட்சியகம். ஓவியத்தில் அப்பாவுக்கு என்ன ஈடுபாடு என்று நினைக்காதீர்கள். பீட்டர் ப்ரூகல் 1565இல் வரைந்த பருவகாலப் படங்கள் ஒரு கூடத்தில் இருக்கின்றன. பனியில் திரும்பும் வேட்டைக்காரர்கள் படத்துக்குத்தான் கூட்டம் நிற்கும். என் அப்பா மாட்டு மந்தை வீடு திரும்புகிற படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். "பொழுது சாயறதுக்குள்ள கொட்டிலுக்குப் போயிடணும்னு மாட்டுக்குத் தெரியுது பாரு" என்றார். உட்காரச் சோபா இருக்கிறது, சூடாக இருக்கிறது, அவசரம் இல்லை.

மூன்றாம் நாள் யூ1 மெட்ரோவில் டானூப் தீவு நிலையம் வரை போங்கள். நிலையம் பாலத்திலேயே இருக்கிறது, காற்றில் இறங்கி நிற்க வேண்டியதில்லை. வெள்ளம் ஊருக்குள் புகாமல் இருக்க 1972 முதல் 1988 வரை டானூப் ஆற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைப் போட்டதில் இரண்டுக்கும் நடுவே 21 கிலோமீட்டர் நீளத்துக்குத் தீவு உண்டானது. நான் விளக்க ஆரம்பித்ததுமே என் அப்பா, "அப்ப இது அவங்களுக்குக் கொள்ளிடம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குள் போய் வாருங்கள், தெற்குக் கோபுரம் 343 படி, அவர்களை ஏற்ற வேண்டாம். மெட்ரோவில் வாயிற்கதவு கிடையாது, ஆனால் சீட்டுச் சோதனை உண்டு. நாள் கணக்கில் சீட்டு வாங்கிவிடுங்கள்.

ரயில் முடிவானதும் நேரத்தை எழுதுங்கள், நிலையத்துக்கு நானே வருகிறேன். 28 இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மாவிடம் சொல்லி ஒரு பொட்டலம் சுண்டைக்காய் வத்தல் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், குழம்பு நாங்கள் வைத்துவிடுகிறோம்.